நிலவறையைப் பூட்டியவள்

போர்த்வென் துறைமுகத்தில் நெஸ்டா ப்ராபர்ட்டின் பெயரை யாராவது எடுத்தால், பேசுகிறவர் முதலில் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். அப்புறம்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடங்குவார். புருஷன் உள்ளே விழுந்து கிடக்க, நிலவறைக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டவள் என்பார். அது பொய்யில்லை. ஆனால் அவ்வளவுதான் நடந்தது என்றும் சொல்ல முடியாது.

அவள் கசாப்புக் கடைக்காரர் மகள். அப்பாவின் கடையில் எலும்பு வெட்டும் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் சின்ன வயதிலிருந்தே எதற்கும் திடுக்கிட மாட்டாள். 'ஏழு நட்சத்திரம்' பப்பில் பீர் ஊற்றும் வேலைக்கு வந்தவள், இரண்டாவது குளிர்காலத்தில் அந்த வீட்டு மூத்த மகன் இட்வலைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாமனார் போன பிறகு பப் இவர்கள் இருவர் கைக்கும் வந்தது. குழந்தை இல்லை. இருவரும் அதைப் பற்றி ஒரு காலத்தில் நிறையப் பேசினார்கள், பிறகு பேசுவதை விட்டுவிட்டார்கள்.

இட்வல் ஆறடிக்கு மேல் உயரம். கடலில் தவிப்பவர்களை மீட்கப் போகும் ஊர் உயிர்காப்புப் படகில் முதல் ஆளாக ஏறுகிறவன். மாலை வேளையில் பப்பின் நடுவில் நின்று அவன் சிரித்தால் அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் அதிரும். நெஸ்டா அவ்வளவாகச் சிரிக்க மாட்டாள். அவள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பவள். குழாயிலிருந்து பீர் விழும் சத்தத்தை வைத்தே கீழே பீப்பாய் தீரப்போகிறதா, சிலிண்டரில் வாயு தீரப்போகிறதா என்று சொல்லிவிடுவாள்.

பீர் அனுப்பும் கம்பெனி ஒருமுறை, ஒவ்வொரு பப்பிலிருந்தும் ஓர் ஆள் பாதுகாப்பு வகுப்புக்கு வரவேண்டும் என்றது. இட்வலுக்குக் கால் பெருவிரலில் வீக்கம் என்று சாக்கு. நெஸ்டா பஸ் ஏறிப் போனாள். தீயணைப்பு நிலையத்து மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கேட்டாள். பீருக்கு நுரையும் துள்ளலும் கொடுக்கிற அந்தக் கரியமில வாயுவுக்கு நிறமில்லை. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, கிணற்றில் தண்ணீர் தேங்குவதுபோல நிலவறையின் தரையில் தேங்கி மெல்ல உயரும். அதற்குள் இறங்குகிறவன் சில மூச்சிலேயே விழுந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்குகிறவன் அவன் மேலேயே விழுவான். பாடம் நடத்தியவர் ஓர் இடத்தில் மூன்று பேர் அப்படி ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்ததைச் சொன்னார்.

"என்னதான் சொல்லிக் கொடுத்தாங்க, இவ்வளவு நேரம்?" என்றான் இட்வல், அவள் கோட்டைக் கழற்றுவதற்குள்.

"சிலிண்டரை நிமிர்த்தி வெச்சுச் சங்கிலி போடணுமாம். உதிரி சிலிண்டர் எல்லாம் வெளியே, காத்தாட இருக்கணும். சூடு படற இடத்துல வைக்கக் கூடாது. தள்ளுவண்டியிலதான் நகர்த்தணும், உன்னை மாதிரி தோள்ல தூக்கிட்டுப் படியிறங்கக் கூடாது. கீழே அலாரம் அடிச்சா யாரும் இறங்கக் கூடாது."

"யாரும்னா?"

"யாரும்னா யாரும்தான். நீயும்தான், நானும்தான்."

"புயல்ல கடல்லயே இறங்கறவன் நான். பீருக்கு நுரை கட்டற காத்தைப் பார்த்துப் பயப்படணுமாக்கும்!"

"கடல் சத்தம் போட்டுக்கிட்டு வரும், இட்வல். இது வராது."

அவன் சிரித்தான். ஆனாலும் கேட்டான். நெஸ்டா ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். சுவரில் வளையம் அடித்துச் சங்கிலி மாட்டினான். பின்கட்டு முற்றத்தில் உதிரி சிலிண்டர்களுக்கு இரும்புக் கம்பிக் கூண்டு வந்தது. நிலவறையில் வாயுவை முகர்ந்து கூவும் பெட்டி ஒன்றும் வந்தது. அந்தப் பெட்டிதான் அவனுக்கு ஆகவில்லை. ஈரம் ஏறினாலே காரணமில்லாமல் கத்தியது. ஒருநாள் மின்செருகியைப் பிடுங்கிவிட்டான். நெஸ்டா திரும்பச் செருகினாள். மறுபடி பிடுங்கினான், மறுபடி செருகினாள். அடுத்த முறை அது பிடுங்கிக் கிடந்ததைப் பார்த்தபோது அவள் இரண்டு கையிலும் தட்டு இருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள், பெட்டி செருகாமலேயே கிடந்தது.

அந்தக் கோடையில் ஒரு லாரி பின்னால் வந்து முற்றத்துக் கூண்டின் கதவை நசுக்கிவிட்டது. சரிசெய்ய ஆள் வரும்வரை என்று சொல்லி, இட்வல் உதிரி சிலிண்டர்களைக் கீழே கொண்டுபோய், குளிரூட்டும் மோட்டாருக்குப் பக்கத்தில் சங்கிலி இல்லாமல் நிறுத்தினான்.

ஆகஸ்ட் மாதத்துப் படகுப் பந்தய நாள். அந்தக் கரையில் அபூர்வமாக வருகிற சுட்டெரிக்கும் வெயில். தெருவில் பித்தளை வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள். பப்புக்குள் நிற்க இடமில்லை. நெஸ்டாவும், வேலைக்கு இருந்த லவ்ரி என்ற பெண்ணும் ஊற்றி ஊற்றிக் கைசலித்துப் போனார்கள். இட்வலின் தம்பி எம்லின் பாரின் ஓரத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்தான். படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். அண்ணனைவிட ஒரு பிடி குட்டை, ஆனால் அதே தோள், அதே சிரிப்பு.

குழாயிலிருந்து பீர் உயிரில்லாமல் விழுந்தது.

"வாயு தீர்ந்துடுச்சு," என்றாள் நெஸ்டா.

"ஒரு நிமிஷம்," என்று இட்வல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். போகிற போக்கில் தம்பியின் குவளையிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போனான்.

வாத்திய ஓசைக்கு நடுவே நெஸ்டாவுக்கு மட்டும் அது கேட்டது. கல்லில் இரும்பு மோதும் சத்தம். அதைத் தொடர்ந்து பஸ் பிரேக் காற்றை விடுவதுபோல ஒரு சீற்றம். பஸ்ஸின் சீற்றம் உடனே நின்றுவிடும். இது நிற்கவில்லை.

குவளையை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். நிலவறைக் கதவு திறந்திருந்தது. "இட்வல்!" பதில் இல்லை. இரண்டு படி இறங்கினாள். சோடாவை அவசரமாகக் குடித்தால் மூக்கில் ஏறும் அந்தக் காரம் மூக்கைக் குத்தியது. நெஞ்சு தானாக வேகவேகமாக மூச்சை இழுக்கத் தொடங்கியது. கீழே விளக்கு வெளிச்சத்தில் அவன் பூட்ஸின் அடிப்பாகம் தெரிந்தது. இன்னும் ஒரு படி இறங்கத் தூக்கிய காலை எப்படிப் பின்னுக்கு எடுத்தாள் என்பது பிற்பாடு யோசித்தபோதும் அவளுக்குப் புரியவில்லை. எடுத்தாள். மேலே வந்தாள்.

எம்லின் பின்னாலேயே வந்துவிட்டிருந்தான்.

"என்ன ஆச்சு? அண்ணன் எங்கே?"

நெஸ்டா கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டிலேயே தொங்கிய பெரிய இரும்புச் சாவியைத் திருப்பினாள். உருவி, சட்டைக் கழுத்துக்குள் போட்டுக்கொண்டாள். கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"லவ்ரி! தீயணைப்புக்குப் போன் போடு. நிலவறையில வாயுன்னு சொல்லு, ஆள் உள்ளேன்னு சொல்லு. எல்லாரையும் வெளியே அனுப்பு!"

"நெஸ்டா, தள்ளு," என்றான் எம்லின்.

"உள்ள முழுக்க வாயு. போனா விழுந்துடுவே."

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போவேன். தள்ளுங்கறேன்!"

"அவ்வளவு பெரிய ஆளை மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கிட்டு வருவியா? நீயும் அங்கேயே விழுவே. உன்னைத் தூக்க இன்னொருத்தன் வருவான். விடமாட்டேன்."

எம்லின் அவள் இரு தோளையும் பிடித்துக் கதவோடு சேர்த்து உலுக்கினான். "அது என் அண்ணன்டி!"

"எனக்கு யாரு?" என்றாள் நெஸ்டா.

எம்லினின் கை அவள் தோளிலேயே இருந்தது. தெருவில் வாத்தியம் ஒலித்துக்கொண்டிருந்தது. அப்போது முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், அவளுக்கு ஒன்று கேட்டது. கேட்டது என்ன என்பதை அவள் பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இடத்தைவிட்டு அசையவும் இல்லை.

பீப்பாய் இறக்குவதற்காகத் தெருப்பக்கம் இருந்த தரைக் கதவுக்கு உள்ளேதான் தாழ்ப்பாள். தீயணைப்பு ஆட்கள் முகமூடியும் முதுகில் காற்றுக் குடுவையுமாக வந்து அதை உடைத்து இறங்கினார்கள். இட்வலை மேலே கொண்டுவந்து நடைபாதையில் கிடத்தினார்கள். நெஞ்சை அமுக்கினார்கள், வாயில் காற்று கொடுத்தார்கள். பந்தயம் பார்க்க வந்த கூட்டம் சுற்றி நின்றது. வெகுநேரம் கழித்து அவர்களில் ஒருவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

கூண்டு நசுங்கியதால் கீழே போன சிலிண்டர்களில் ஒன்று இடம் மாற்றும்போது சாய்ந்து, கல்படியின் விளிம்பில் அதன் வால்வு மோதி உடைந்திருக்கிறது என்று அன்று மாலையே சொன்னார்கள். தீயணைப்பு அதிகாரி நெஸ்டாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க பூட்டலேன்னா நாங்க ரெண்டு பேரைத் தூக்கியிருப்போம், அம்மா."

அவள் சட்டைக்குள்ளிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது மார்பில் பதிந்து ஒரு சிவந்த தடத்தை விட்டிருந்தது. எம்லின் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், திரும்பவே இல்லை.

சவ அடக்கத்துக்கு ஊரே திரண்டு வந்தது. சிற்றாலயத்தில் நாலு குரலாகப் பிரிந்து சேர்ந்து பாடினார்கள். சவப்பெட்டியின் முன்பக்கத்தை எம்லின் தாங்கினான். பிறகு பக்கத்துக் கூடத்தில் டீயும் பன்றிக்கறி ரொட்டியும் பரிமாறும்போது, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

"உசுரோட இருக்கும்போதே என் அண்ணனை உள்ள வெச்சுப் பூட்டினா இவ. நீ கொன்னுட்டே, நெஸ்டா. வாயு கொல்லலை. நீ கொன்னுட்டே."

எம்லினின் மனைவி மைவன்வி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். நெஸ்டா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். பதில் சொல்லாமல் உள்ளே போய், சேர்ந்து கிடந்த எச்சில் கோப்பைகளை எல்லாம் கழுவினாள். தடுக்க வந்த பெண்களிடம், "விடுங்க, கைக்கு ஏதாவது வேலை வேணும்," என்றாள்.

விசாரணையில் மருத்துவர் சாட்சி சொன்னார். சில மூச்சிலேயே நினைவு போயிருக்கும். அதன் பிறகு உயிர் எவ்வளவு நேரம் இருந்தது என்று தன்னால் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். விபத்து என்று தீர்ப்பாயிற்று. நெஸ்டாவுக்கு அந்த 'இருந்திருக்கலாம்' மட்டும் வீட்டுக்குக் கூடவே வந்தது.

பப்பை விற்றுவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் ஊர் எதிர்பார்த்தது. அவள் போகவில்லை. முற்றத்தில் புதுக் கூண்டு வந்தது, லாரி தொட முடியாதபடி முன்னால் கற்கம்பங்களோடு. உபயோகத்தில் உள்ள சிலிண்டர் மட்டும்தான் கீழே போகும், அதுவும் தள்ளுவண்டியில், சங்கிலி மாட்டிய பிறகுதான் கை எடுக்கலாம். புது எச்சரிக்கைப் பெட்டி ஒன்று கீழே, இன்னொன்று மேலே கதவுக்குப் பக்கத்தில். கீழே எவ்வளவு வாயு இருக்கிறது என்று இறங்காமலேயே அதில் படிக்கலாம். கீழே ஓயாமல் விசிறி சுற்றியது. யாரும் மேலே ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது. ஒவ்வொரு நாள் காலையிலும் அவளே சங்கிலியை இழுத்துப் பார்ப்பாள்.

"நெஸ்டா சிலிண்டருக்கு விலங்கு மாட்டற மாதிரி நமக்கும் மாட்டிடுவா, காசைக் குடுத்துட்டுக் கிளம்புடா," என்று குடிக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். அவள் அதைக் கேட்காததுபோல இருப்பாள்.

மற்ற பப்புகளுக்கும் போவாள். கூப்பிட்டால் போவாள், சில இடங்களுக்குக் கூப்பிடாமலும் போவாள். மலைப்பாதை ஓரம் ஒரு பப்பில், காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க முழுச் சிலிண்டர் ஒன்றைச் சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே அடுப்பு. நெஸ்டா தான் வாங்கிய பழரசத்தை வைத்துவிட்டுப் போய் அதைக் கதவிலிருந்து நகர்த்தினாள்.

கடைக்காரன் கைலியோ என்பவன் வெகுண்டான். "ஏய், என் கடையில வந்து எதைத் தொடறே? புருஷனைப் பூட்டின மாதிரி என் சிலிண்டரையும் பூட்டப் போறியா?"

"ஆமா," என்றாள் நெஸ்டா. "சங்கிலி இருக்கா?"

அவன் முறைத்துக்கொண்டே உள்ளே போனான். கடைசியில் நாய்ச் சங்கிலி ஒன்றைத் தேடி எடுத்துவந்தான். அவள் சிலிண்டரை வெளிக்கொட்டகைக்கு நகர்த்தி, தூணோடு கட்டிவிட்டு வந்து பழரசத்தைக் குடித்து முடித்தாள்.

எம்லின் 'ஏழு நட்சத்திரம்' பக்கம் வரவில்லை. பட்டறைக்குப் போகிற வழி அந்தத் தெருதான். அவன் எதிர்ச்சாரியில் நடந்து போவான். மைவன்வி மட்டும் எப்போதாவது சந்தையில் பார்த்தால் நின்று, "நல்லா இருக்கியா?" என்பாள். "இருக்கேன்," என்பாள் நெஸ்டா. அதற்குமேல் ஓடாது. இப்படியே எட்டு வருஷம் போயிற்று.

ஒரு வசந்தகாலத்து முற்பகல். பீர் வண்டி வந்து நின்றிருந்தது. தெருப்பக்கத் தரைக்கதவு இரண்டும் திறந்து, சாய்ப்பலகை போட்டுப் பீப்பாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மேலே, ஒருவன் கீழே. வடக்கே எங்கிருந்தோ சுற்றிப்பார்க்க வந்த ஓர் ஆள் வாசல் பெஞ்சில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவரோடு ஒரு சின்னப் பழுப்பு நாய், கயிறு இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலே இருந்தவன் கையிலிருந்து ஒரு பீப்பாய் வழுக்கியது. கீழே போட்டிருந்த மெத்தையில் விழாமல் துள்ளி, சுவரோரச் சிலிண்டரின் தலையில் போய் இடித்தது. சங்கிலி தாங்கியது, சிலிண்டர் விழவில்லை. ஆனால் அதன் தலையில் இருந்த ரெகுலேட்டர் பிய்ந்து, வாயு பீறிட்டது. இரண்டு எச்சரிக்கைப் பெட்டிகளும் சேர்ந்து அலறின. கீழே இருந்தவன் நெஸ்டாவின் கட்டளை தெரிந்தவன். எதையும் தொடாமல் ஏணியில் பாய்ந்து ஏறித் தெருவுக்கு வந்துவிட்டான். உள்ளே நெஸ்டா அடுப்பை அணைத்து, இருந்த நாலைந்து பேரையும் கடற்கரைப் பக்க வாசல் வழியாக வெளியேற்றிக்கொண்டிருந்தாள்.

நாய்க்கு என்ன தோன்றியதோ, உருண்டு போன பீப்பாயைத் துரத்திக்கொண்டு சாய்ப்பலகை வழியாகக் கீழே சறுக்கிவிட்டது. ஒருமுறை குரைத்தது. பிறகு மெல்ல முனகியது.

"பிப்!" என்று நாயின் பெயரைக் கத்திக்கொண்டு அந்த ஆள் ஓடிவந்தார். வண்டிக்காரர்கள் இருவரும் திகைத்து நிற்க, ஏணியில் காலை வைத்துவிட்டார். எதிர்ச்சாரியில் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த எம்லின் தெருவைக் கடந்து வந்து, பின்னாலிருந்து அவர் இடுப்பைச் சேர்த்துக் கட்டித் தூக்கி வெளியே இழுத்தான். இருவரும் நடைபாதையில் விழுந்தார்கள்.

"விடுய்யா! என் நாய்! விடு!"

"போனா வரமாட்டே. படு. அசையாதே."

"சத்தம் கேக்குது, உசுரோட இருக்கு, விடுடா!"

அவர் திமிறித் திரும்பி எம்லினின் முகத்தில் குத்தினார். உதடு கிழிந்தது. மறுபடியும் குத்தினார். எம்லின் பிடியை விடவில்லை, திருப்பியும் அடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கட்டிப்பிடித்தபடி கிடந்தான். நெஸ்டா கட்டடத்தைச் சுற்றி ஓடிவந்தபோது அவள் கண்டது இந்தக் காட்சியைத்தான். கீழேயிருந்து வந்துகொண்டிருந்த முனகல் அதற்குள் நின்றுபோயிருந்தது.

தீயணைப்பு ஆட்கள் வந்து சிலிண்டரை மூடி, நாயை ஒரு கோணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார்கள். அந்த ஆள் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எம்லினைப் பார்த்து, "என் நாயைக் கொன்னுட்டே," என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மதியத்துக்குமேல் பப்பில் யாரும் இல்லை. நிலவறையில் விசிறியும், தீயணைப்பு ஆட்கள் வைத்த பெரிய ஊதுகுழாயும் ஓடிக்கொண்டிருந்தன. கதவு திறக்கும் சத்தம் கேட்டு நெஸ்டா திரும்பினாள். எம்லின் வாசல் கால்மிதியில் நின்றான். தொப்பி கையில் இருந்தது. தலை நரைத்துவிட்டது. இவ்வளவு கிட்டத்தில் பார்க்காததால் அது அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

"உக்காரு," என்றாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவள் ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் உதட்டில் ஒற்றிக்கொண்டான்.

"அந்த ஆளு?"

"கார்ல உக்காந்து அழுதுட்டிருக்காரு. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கலை."

"ஒரு பீர் ஊத்து."

"வாயுவே இல்லை, பீருக்கு எங்கே போறது? டீதான் இருக்கு."

"எட்டு வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் பப்புக்கு வந்தா டீயா?"

"உன் அதிர்ஷ்டம் அப்படி."

டீ வந்தது. அவன் குடிக்கவில்லை. துணியில் பட்ட ரத்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் என்னை அடிச்சான் பாரு, நெஸ். ஒரு நாய்க்காக. முழு பலத்தையும் போட்டு அடிச்சான். நிஜமாவே உள்ள இறங்கணும்னு நினைச்சவன் அப்படித்தான் அடிப்பான்." துணியை மேசைமேல் வைத்தான். "அன்னிக்கு நான் உன்னை அடிக்கலை."

"தோளைப் பிடிச்சு உலுக்கினியே."

"உலுக்கினேன். எஞ்சினைத் தூக்கற கை இது. உன்னை ஒரு கையால ஓரமா எடுத்து வெச்சிருக்கலாம். அந்தக் கதவு ஒரு உதைக்குத் தாங்காது, அதுக்குக் கீல் மாட்டினவனே நான்தான். நான் உதைக்கலை."

நெஸ்டா எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சாவியைத் திருப்பினே பாரு, அப்போ எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. அண்ணன் கீழே கிடக்கான், எனக்கு அப்பாடான்னு இருக்கு. நான் போகவேண்டாம், இவ விடமாட்டேங்கறாளேன்னு. அதுக்கப்புறம் உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? உன்னைப் பார்த்தாலே அதுதான் ஞாபகம் வந்துச்சு. நீ கொன்னுட்டேன்னு ஊரைக் கூட்டிச் சொன்னேன். அப்படிச் சொல்லிக்கிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

தெருவில் ஒரு கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அந்த நாய்க்காரரின் காராக இருக்கும்.

நெஸ்டா எதிரில் உட்கார்ந்தாள். மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கு எனக்கு ஒண்ணு கேட்டுச்சு, எம்லின். பூட்டினதுக்கு அப்புறம். நான் யார்கிட்டேயும் சொல்லலை. விசாரணையிலயும் சொல்லலை, யாரும் கேக்கலை."

"படியில பூட்ஸ் உரசின சத்தம்," என்றான் எம்லின்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவை," என்றான். "அப்புறம் இல்லை."

"உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

தான் ஒருத்தி மட்டும்தான் கேட்டோம் என்று அவள் நினைத்திருந்தாள். காலையில் சங்கிலியை இழுத்துப் பார்க்கும்போதெல்லாம், கதவைத் திறக்கும்போதெல்லாம், அந்தச் சத்தத்தோடு அவள் தனியாகவே இருந்தாள். அது அவன் எழ முயன்றதா, உடம்பு தானாகத் துடித்ததா, இனி யாராலும் சொல்ல முடியாது. இந்த மனிதனாலும் முடியாது. ஆனால் அவனும் அதைச் சுமந்துகொண்டு இத்தனை நாளும் எதிர்ச்சாரியில் நடந்திருக்கிறான். அடக்கத்தன்று வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள். எம்லின் ரத்தக்கறை இல்லாத பக்கமாகத் துணியை மடித்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் பூட்டத்தான் செய்வேன்," என்றாள், குரல் சரியானதும். "உன்னைச் சமாதானம் பண்ணறதுக்காக வேற மாதிரி சொல்ல மாட்டேன்."

"தெரியும். பூட்டணும்தான்." அவன் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான். "ஆறிப்போச்சு."

தீயணைப்பு ஆள் வந்து, கருவியில் பார்த்தாகிவிட்டது, காற்று சுத்தம், இறங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நெஸ்டா மேலே இருந்த பெட்டியின் எண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு கதவைத் திறந்தாள். லவ்ரியை வரவழைத்து மேலே நிறுத்தினாள். எம்லின் அவள் பின்னால் இறங்கினான். கடைசிப் படிகளுக்கு வந்ததும் நின்றான்.

"எங்கே?"

அன்று இட்வலின் பூட்ஸ் தெரிந்த படியை அவள் காட்டினாள். எம்லின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்தான். நெஸ்டா அவனைத் தொந்தரவு செய்யவில்லை. கவிழ்ந்து கிடந்த பீப்பாயைத் தனியாக நிமிர்த்தப் பார்த்தாள், முடியவில்லை. அவன் எழுந்து வந்து மறுபக்கம் பிடித்தான்.

"பிய்ஞ்ச ரெகுலேட்டரைக் கொடு, பட்டறைக்குக் கொண்டுபோறேன்," என்றான்.

"ஒட்டுப்போட்டதை மாட்ட மாட்டேன். புதுசுதான் வரும்."

"அதானே, நீ எங்கே விடுவே," என்றான் எம்லின்.

அதன் பிறகு இருவரும் ஒட்டி உறவாடினார்கள் என்று சொல்ல முடியாது. எம்லின் வாரத்தில் ஒருநாள் வருவான். ஒரு குவளை பீரோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, நுரை போதவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போவான். அன்றைக்கு அவன் சொன்னதை ஊர் அறியவில்லை. ஊருக்கு நெஸ்டா இன்றைக்கும் பூட்டியவள்தான். அவளும் அதை மாற்ற முயலவில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மைவன்வி அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நெஸ்டா பப்பைச் சாத்திவிட்டு, கையில் ஒரு பாட்டில் ஒயினோடு போனாள். வாத்துக்கறி உள்ளே சரியாக வேகவில்லை. மூவரும் வெந்த பக்கமாக வெட்டிச் சாப்பிட்டார்கள்.